அம்மு அழவே இல்லை

அம்மு, உனக்கு வேறு பெயர் இல்லை. பெயர் வைக்கிற நாள் வருவதற்குள் நீ போய்விட்டாய். வீட்டில் செல்லமாகக் கூப்பிட்ட பெயரிலேயே இப்போதும் உன்னைக் கூப்பிடுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைத் தூக்கிக்கொண்டு நேராக புக்கிட் ரோத்தானுக்கு வந்தோம், என் மாமியார் வீட்டுக்கு. நம் வீடு புக்கிட் செந்தோசாவில். உன் அப்பாவுக்கு ரவாங்கில் ஷிஃப்ட் வேலை, பகலில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்கு கிளினிக்கிலிருந்து நர்ஸ் மிஸி வந்து பார்ப்பார் என்று தெரியும். ஆனால் வேறு ஊருக்கு வந்துவிட்டோம் என்று கிளினிக்கில் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அப்பாவின் போனில் தெரியாத நம்பர் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. ஏமாற்றுக்காரன் எவனாவது இருக்கும் என்று அவர் எடுக்கவில்லை.

முதலில் நீ அழுதாய். மார்பில் போட்டால் கொஞ்சம் உறிஞ்சுவாய், விடுவாய், கத்துவாய். காம்பு வெடித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும். எல்லாருக்கும் அப்படித்தான், போகப் போகச் சரியாகிவிடும் என்று அத்தை சொன்னார். சொன்ன மாதிரியே நீ அழுகையை நிறுத்திக்கொண்டாய். வாயை வைப்பாய், உடனே கண் சொருகிவிடும். வயிறு நிறைந்துவிட்டது என்று இறக்கிப் போடுவேன்.

அத்தையின் தங்கை ஜெராமிலிருந்து உன்னைப் பார்க்க வந்தார். குனிந்து பார்த்துவிட்டு, "என்னடி இது, பிள்ளையா பொம்மையா? உன் புருஷன் பொறந்தப்ப தோட்டத்து லயத்துல ஒருத்தரும் தூங்கல. இது சமத்து லா" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

தினமும் காலையில் அத்தை காலை நீட்டி உட்கார்ந்து, உன்னைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து மஞ்சள் பூசி வெந்நீர் ஊற்றுவார். "இவளுக்கு மஞ்சள் நல்லாப் பிடிக்குது பாரு, நேத்துப் போட்டதே இன்னும் போகல" என்று ஒருநாள் சொன்னார். நானும் பார்த்தேன். முகம், கழுத்து, மார்பு எல்லாம் பளபளவென்று இருந்தது. அடுத்த நாள் வயிறும் அப்படி ஆனது.

பேம்பர்ஸ் கனக்கவே இல்லை. ஒரு தடவை அதில் செங்கல் தூள் மாதிரி கறை இருந்தது. பெண் பிள்ளைக்கு முதலில் லேசாக ரத்தம் படும், பயப்படாதே என்றார் அத்தை. இருந்தாலும் எழுப்பிப் பால் கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"பசிச்சா தன்னால எழும்பும்மா. தூங்குற பிள்ளைய யாராச்சும் எழுப்புவாங்களா?"

போனில் கிடைக்காமல் நம் வீட்டுக்கே போன மிஸி பூட்டைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டில் விசாரித்து, இந்த ஊர் கிளினிக்குக்குச் சொல்லியிருக்கிறார். ஒரு காலை, உன்னைக் குளிப்பாட்டி முடித்த நேரத்தில், அந்த கிளினிக்கிலிருந்து ஒரு தமிழ் மிஸி வந்தார். உன்னைப் பார்த்தவர் பையைத் திறக்கக்கூட இல்லை.

"மஞ்சள் போட்டீங்களா?"

தினமும் போடுவதாக அத்தை சொன்னார். மிஸி ஈரத்துணி கேட்டு வாங்கி உன் நெற்றியைத் துடைத்தார். துணி மஞ்சளாக வந்தது. எனக்கு மூச்சு வந்தது. துணியை மடித்து அதே இடத்தில் திரும்பத் துடைத்தார், பிறகு மார்பில், பிறகு வயிற்றில். துணி வெள்ளையாகவே வந்தது. நீ அப்படியே மஞ்சளாக இருந்தாய். உன் இமையைத் தூக்கிக் காட்டினார். உள்ளேயும் மஞ்சள்.

"தங்கச்சி, பாப்பா கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போச்சு?"

நேற்று மாற்றிய பேம்பர்ஸை எண்ணிப் பார்த்தேன், ஒன்றுகூட நனைந்ததாக ஞாபகம் இல்லை.

மிஸியின் காரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். உன் பாதத்தைச் சுண்டிக்கொண்டே வரச் சொன்னார். சுண்டினேன். கிள்ளினேன். நீ அழ வேண்டும் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக சாமியைக் கேட்டேன். வாயைக் கோணினாய், சத்தம் வரவில்லை.

உன்னை நீல விளக்குக்குக் கீழே படுக்க வைத்தார்கள். பால் போதாமல் உடம்பு வற்றிவிட்டது, அந்தச் செங்கல் தூள் கறையும் அதனால்தான், காமாலை மூளைக்கு ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். வார்டில் இன்னொரு மிஸி என் பக்கத்தில் உட்கார்ந்து, என் மார்பைப் பார்த்துவிட்டு, ஒரு துணிப் பொம்மையை வைத்துக் காட்டினார். பிள்ளை வாயை அகலமாகத் திறக்க வேண்டும், காம்பு மட்டும் இல்லை, அதைச் சுற்றியிருக்கிற கறுப்பும் உள்ளே போக வேண்டும், முழுங்குகிற சத்தம் கேட்க வேண்டும். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. பம்ப் வைத்ததும் பால் வந்தது அம்மு. போத்தலில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னிடம் பால் இல்லாமல் இல்லை. உன் வாய்க்கு வந்து சேரவில்லை. அதை மூக்குக் குழாய் வழியாக உனக்குக் கொடுத்தார்கள். பிறகு ஒரு காலை, இனிமேல் பால் கொண்டுவர வேண்டாம் என்றார்கள்.

நீ போனது என் உடம்புக்குத் தெரியவில்லை. மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது, காய்ச்சல் வந்தது. பால் வற்ற மார்பில் மல்லிகைப்பூ கட்ட வேண்டும் என்று அத்தை கடைக்குப் போனார். வீட்டில் விசேஷமா என்று கடைக்காரர் கேட்டாராம். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பூவைச் சுற்றிக் கட்டிவிட்டார். சாயங்காலம் அவிழ்த்தால் பூ கறுத்திருந்தது, பால் நனைத்திருந்தது.

இன்னும் முழுசாக நிற்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுதால் என் சட்டை நனைகிறது.

இதைப் படிக்கிறவர்கள் கோயிலுக்குப் போனாலும் சரி, சர்ச்சுக்குப் போனாலும் சரி, எங்கள் அம்முவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். போன இடத்தில் அவள் பசியோடு தூங்கக் கூடாது என்று வேண்டிக்கொள்ளுங்கள்.