நான்காம் கவுண்டரிலிருந்து மோன்தே அல்பானுக்கு

எர்மெலிந்தா பயணத் திட்டம் எழுதிய மூன்றாவது தாளையும் கசக்கி மேசைக்கடியில் போட்டாள்.

"என்ன கிழவி, சனிக்கிழமை இன்னும் அடங்கலையா?" அடுப்படியிலிருந்து கணவர் லியோகாதியோ கேட்டார். அன்று திங்கள். அவருடைய முடிவெட்டும் கடைக்கு விடுமுறை.

"எப்படி அடங்கும்? வெள்ளி சோலூலா. அங்க நமக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்ல, கடவுள் புண்ணியம். பிரமிடு மேல ஏறி இறங்கினா, அப்புறம் நீ உன் இஷ்டத்துக்குத் தின்னுக்கலாம். சனி காலைல பஸ் ஏறினா மத்தியானம் வஹாக்கா. ஞாயிறு திரும்பணும். மோன்தே அல்பான் மலைக்குன்னு இருந்தது அந்தச் சனி மத்தியானம் ஒண்ணுதான். அதுல இப்ப தோமாசா வான்கோழியோட உட்கார்ந்திருக்கா."

"அவகிட்ட யாரு சொல்லச் சொன்னா?"

யாரும் சொல்லச் சொல்லவில்லை. லீவு கிடைத்த சந்தோஷத்தில் அவளே தொலைபேசியை எடுத்துச் சொல்லிவிட்டாள். தோமாசா அவளுடைய மூத்த மகளுக்கு ஞானத்தாய். ஆகவே கொமாத்ரே, கூடப்பிறந்தவளைவிட ஒரு படி மேல். கொமாத்ரே இருக்கும் ஊருக்குப் போய் அவள் வீட்டில் சாப்பிடாமல் வந்தால் அடுத்த தலைமுறை வரைக்கும் பேச்சு நிற்காது. அரை மணி நேரத்தில் தோமாசா திரும்பக் கூப்பிட்டாள். வான்கோழிக்குச் சொல்லியாகிவிட்டதாம். கருப்பு மோலே குழம்புக்கு மிளகாய் வறுக்க வியாழக்கிழமையே உட்காரப் போகிறாளாம். சனிக்கிழமை மூன்று மணிக்குச் சாப்பாடு. மூன்று மணிச் சாப்பாடு என்றால் மேசையைவிட்டு எழும்போது இருட்டிவிடும். கை கழுவியதும் கிளம்புகிறவரை அங்கே யாரும் விருந்தாளி என்று சொல்வதில்லை.

ஹலாப்பா பேருந்து நிலையத்தில் நான்காம் கவுண்டரில் எர்மெலிந்தாவுக்கு இது இருபத்தாறாவது வருஷம். எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வண்டி, எங்கே மாற வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். லீவெல்லாம் பிரசவங்களுக்கும் சாவுகளுக்கும் இரண்டு பெண்களின் பதினைந்தாம் பிறந்தநாள் விழாக்களுக்கும் போய்விட்டன. "வஹாக்காவுல அந்தப் பழைய கோயில் மலை பாக்குற மாதிரி இருக்குமா, சென்யோரா?" என்று பயணிகள் கேட்பார்கள். "கண்டிப்பா பாருங்க. காலைலயே போயிடுங்க, மேல நிழல் கிடையாது" என்பாள். போய்வந்தவர்கள் சொன்னதுதான். சொல்லும்போதெல்லாம் உள்ளுக்குள் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

"காய்ச்சல்னு சொல்லிடு" என்றார் லியோகாதியோ.

"காய்ச்சல்னா மருந்தோட அவளே பஸ் ஏறி வந்துடுவா."

"அப்ப நான் செத்துட்டேன்னு சொல்லு."

"அதுக்கு ரெண்டு வான்கோழியா எடுத்துட்டு வருவா."

அவர் காப்பியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். "மலை எங்கயும் போயிடாது கிழவி. மோலேதான் ஆறிப்போகும்."

"மலை போகாது. நான் போயிடுவேன். அடுத்த லீவு எந்தச் சாவுக்கோ, யாருக்குத் தெரியும்?"

அவள் தொலைபேசியை எடுத்தாள்.

"என்ன கொமாத்ரே, மோலேல எள்ளு போட்டா அவருக்கு ஆகாதா?" என்று தொடங்கினாள் தோமாசா.

"அவருக்கு எல்லாம் ஆகும். நான் ஒண்ணு சொல்வேன், நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

"வரலையா?" தோமாசாவின் குரல் இறங்கிவிட்டது.

"வர்றேன், வர்றேன். ஆனா எனக்கு மோன்தே அல்பானைப் பாக்கணும். ஊருக்கெல்லாம் டிக்கெட் கிழிச்சுக் குடுத்துட்டு நான் பாத்ததே இல்ல. உங்க மேசையில உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாது."

மறுமுனையில் ஒரு நாய் குரைத்தது. லியோகாதியோ சிலுவை போட்டுக்கொண்டார்.

"கொமாத்ரே," என்றாள் தோமாசா மெல்ல, "நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. துணி காயப்போடும்போது தினம் அந்த மலையைத்தான் பாக்கிறேன். அம்பத்தொம்பது வயசாச்சு, மேல போனதில்ல. பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போன அன்னிக்கு எனக்கு அம்மை. அப்புறம் யாரு கூட்டிட்டுப் போனா?"

எர்மெலிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள். அதற்குள் தோமாசாவே சிரித்துவிட்டாள். இரண்டு பேரும் மூச்சு வாங்கும்வரை சிரித்தார்கள்.

"இப்ப கேளுங்க," என்றாள் தோமாசா. "ஞாயித்துக்கிழமை நம்ம நாட்டு ஆளுங்களுக்கு மேல அனுமதி இலவசம். சனிக்கிழமை வந்து கொஞ்சமா சாப்பிட்டுத் தூங்குங்க. மோலே ஒரு நாள் கிடந்தாதான் ருசி. காலைல கதவு திறக்கும்போது எல்லாரும் அங்க இருக்கணும். சட்டியையும் தூக்கிட்டுப் போலாம், ஆனா உள்ள விடமாட்டாங்க. வெளிய மரத்தடியில என் மருமகன் காவலுக்கு இருக்கட்டும்."

"பாவம், அவர் பாக்க வேண்டாமா?"

"அவனுக்கு முட்டிவலி. சட்டிகிட்ட உட்கார்றதுன்னா சந்தோஷமா உட்காருவான். நாம திரும்பி வரும்போது உள்ள என்ன மிச்சம் இருக்குங்கறதுதான் கவலை."

"நான் காவல் இருக்கேன்!" என்று பக்கத்தில் காது கொடுத்திருந்த லியோகாதியோ கத்தினார்.

"கொமாத்ரே, அந்த ஆளுக்கு மருமகனே தேவலை," என்றாள் தோமாசா.

எர்மெலிந்தா நான்காவது தாளை எடுத்தாள். வெள்ளி, சனி, ஞாயிறு என்று எழுதி ஞாயிறுக்கு நேராக முதலில் மலை, பிறகு மரத்தடி, பிறகு மத்தியான வண்டி என்று எழுதினாள். அடித்தல் திருத்தல் இல்லை.

மறுநாள் ஆறு மணிக்குக் கவுண்டரைத் திறந்தாள். தூறிக்கொண்டிருந்தது. பதினோரு மணிவரை வெராக்ரூஸ் போகிற கூட்டம். வரிசை குறைந்ததும் இரண்டு பேருக்கு டிக்கெட் அச்சடித்தாள்; ஒன்பதாம், பத்தாம் இருக்கைகள். எங்கே போகிறீர்கள் என்று பக்கத்துக் கவுண்டர் பெண் கேட்டாள். சொன்னாள். மத்தியானம் தோமாசா கூப்பிட்டு, மலைக்குப் பதினான்கு பேர் என்றாள். மூன்று மணிக்கு வேலை முடிந்தது. கடைவீதியில் தட்டையான அடி வைத்த செருப்பு ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.