சித்தியின் கல்யாணத்துக்கு ஒட்டுப் போட்டோம்

பழைய வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் தொழிலில் குறுக்கு வழியே கிடையாது; கேசட் மூன்று மணி நேரம் ஓடினால் நாமும் மூன்று மணி நேரம் அதன் எதிரில் உட்கார்ந்தாக வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் கல்யாணத்தை முதல் மாலையிலிருந்து கடைசி இலை வரைக்கும் பார்த்திருக்கிறீர்களா? சொந்தக்காரர் வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது, சாப்பாடு போடுவதற்கு முன்னால் கல்யாண வீடியோவைப் போட்டு உட்கார வைத்தார்களா? அப்படியானால் நீங்கள் என் இனம். வாங்க, பக்கத்தில் உட்காருங்க.

இதன் கடைசியில் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப் போகிறீர்கள். அதற்கு நான் கேரண்டி. ஆனால் இப்போதே இல்லை. ஃபார்வர்டு பட்டனைத் தேடாதீர்கள், எங்கள் கடையில் அது வேலை செய்யாது.

கடை ஆம்பூர் பஜாரில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. கடைக்காரர் என் சித்தப்பா சாமுவேல். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துக் கல்யாணங்களையெல்லாம் தோளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு எடுத்தவர். அன்று அவர் எடுத்துக் கொடுத்த கேசட்டுகளே இன்று ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. கேசட் ஓட்டும் பழைய டெக் ஒன்று, அதிலிருந்து சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயர்கள், அவை போய்ச் சேரும் தீப்பெட்டி சைஸ் கேப்சர் டப்பா, அப்புறம் கம்ப்யூட்டர். அதன் எதிரில் நான். பெயர் ஜெஸ்ஸி. ப்ளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காக உட்கார்ந்திருக்கிறேன். யார் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அச்சாகத் திருப்பிப் பேசுவேன். ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் ஒரு வகுப்பையே மத்தியானம் வீட்டுக்கு அனுப்பியவள் நான்.

ஆப்பிளுக்குள் மாப்பிள்ளை

ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்வேயில் ரிட்டயர் ஆன ஒருவர் மனைவியோடு வந்தார். கேசட்டை ஓட்டினோம். ஒரு பெரிய ஆப்பிள் சுற்றிக்கொண்டே வந்தது. இரண்டாகப் பிளந்தது. உள்ளே மாப்பிள்ளைக் கோலத்தில் இவர், கண்ணைச் சிமிட்டாமல், சிக்னல் கிடைக்காத ரயில் மாதிரி நின்றிருந்தார். சித்தப்பாவுக்கு அந்தக் காலத்தில் மிக்ஸிங் என்றால் உயிர். ஆப்பிள், ரோஜா, இதயம், பனிமலை என்று எதற்குள் வேண்டுமானாலும் மாப்பிள்ளையைத் தூக்கிப் போடுவார்.

பெரியவர் கூச்சத்தோடு, "பேரப் பசங்க பாத்தா சிரிக்கும்பா, அந்த ஆப்பிள மட்டும் எடுத்துட முடியுமா?" என்றார். சித்தப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. அந்த ஆப்பிளுக்காக அவர் வேலூர் போய் இரண்டு நாள் உட்கார்ந்தவர். பெரியவரின் மனைவிதான் சமாதானம் செய்தார்: "ஆப்பிள் நல்லாத்தான கீது, அது இருக்கட்டும்பா. அவர எடுத்துடு."

எல்லா வீட்டிலும் ஒருவர்

வாலாஜாபேட்டையிலிருந்து ஓர் அக்காவும் தங்கையும் அவரவர் கல்யாணக் கேசட்டோடு வந்தார்கள். சித்தப்பாவின் கல்யாண வீடியோ எப்போதும் பெண் வீட்டு பீரோவில்தான் தொடங்கும். பீரோக் கண்ணாடி எதிரில் பெண் குனிந்து உட்கார்ந்திருப்பாள். யாராவது தலையில் பூ வைப்பார்கள். கேமரா கண்ணாடியை நோக்கி மெதுவாக நகரும். கேட்டால், "அது ஒரு கலை பாப்பா" என்பார்.

கலையெல்லாம் சரி. கண்ணாடியின் ஓரத்தில் கட்டம் போட்ட சட்டையும் முறுக்கு மீசையுமாக, தோளில் கேமராவோடு இவரும் நிற்கிறார். அக்கா கல்யாணத்திலும் நிற்கிறார், தங்கை கல்யாணத்திலும் நிற்கிறார். அக்கா திரையைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "எங்க வூட்டுக்காரரு மொத்தமே ரெண்டு சீன்லதான் வர்றாரு, இவரு எல்லாத்துலயும் வர்றாரு. எங்க பசங்க கேட்டா இவர யாருன்னு நான் சொல்றது?"

சிரித்துவிட்டீர்களா? இது அது இல்லை. இன்னும் இருக்கிறது.

உப்புப் போட்ட கேசட்

கடைக்குப் பின்னால் இருக்கும் சின்ன ரூமிலிருந்து சித்தப்பாவுக்கு போன் செய்வது என் பொழுதுபோக்கு. ஒருநாள் பேரணாம்பட்டிலிருந்து பேசும் ஒரு பெரியவர் மாதிரி பேசினேன். "தம்பி, கேசட்ல பூஞ்ச புடிச்சிக்கிச்சு. வெயில்ல காய வெக்கட்டுமா, இல்ல தோலுக்குத் தடவற மாதிரி உப்புத் தடவி வெக்கட்டுமா?" சித்தப்பா பதறிப்போய், உப்பு கூடாது, வெயில் கூடாது என்று பாடமே நடத்தினார். நடுவில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் நிஜமாகவே தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த ஒரு பெரியவர் போன் செய்து, "கேசட்ட வெயில்ல வெச்சேன், வளைஞ்சிக்கிச்சு" என்றார். சித்தப்பாவா மறுபடி ஏமாறுவார்? "ஏ கழுத, போன வெச்சிட்டு ஓடியாந்து இந்த டெக்கத் தொடைச்சி வெய்யி!" என்று கத்திவிட்டு வைத்தார். நான் அப்போது அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார். சாயங்காலம் வளைந்த கேசட்டும் கையுமாக ஒரு பெரியவர் வாசலில் வந்து நின்றார்: "போன்ல வரச் சொன்னியேப்பா, தொடைக்கற டெக்கு எங்க கீது?"

மாமியார் என்ன சொன்னார்

சித்தப்பா எடுத்த வீடியோக்களில் ஒரு விசேஷம் உண்டு. ஒருவர் குரலும் கேட்காது. முதல் சீனிலிருந்து கடைசி சீன் வரைக்கும் சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிடுவார். எல்லோரும் மீன் மாதிரி வாயை மட்டும் திறந்து மூடுவார்கள். ஒரு அக்கா வந்து, மேடையில் தன் மாமியார் தன்னிடம் ஏதோ சொல்கிறாரே, அது என்னவென்று இத்தனை வருஷமாக ஞாபகம் வரவில்லை என்று வருத்தப்பட்டார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? பாட்டை நிறுத்திவிட்டு, மாமியாரின் உதட்டசைவுக்குச் சரியாக, "என் கண்ணு, நீ வந்த நேரம் எங்க வூடே வெளிச்சமாயிடுச்சும்மா" என்று வயசான குரலில் பேசினேன்.

அக்கா அசந்துபோய், இன்னொரு தடவை பேசச் சொல்லிக் கேட்டார். அப்புறம் தலையை ஆட்டினார். "குரலு அப்டியே அவங்கதான் பாப்பா, ஆனா வார்த்த அவங்களுது இல்ல. கொஞ்சம் திட்டற மாதிரி பேசு, சரியா இருக்கும்."

காதுகுத்துக்கு அப்புறம்

இப்போது எஸ்தர் சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷூ ஃபேக்டரியில் செக்கிங் வேலை. ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் லைனையே நிறுத்திவிடுவார். சித்திக்கும் சித்தப்பாவுக்கும் கல்யாணமாகி வெள்ளி விழா வந்தது. ஊரிலிருக்கும் அத்தனை பேர் கல்யாணத்தையும் எடுத்தவர், தன் கல்யாண வீடியோவைச் சித்திக்கு ஒரு தடவைகூடக் காட்டியதில்லை. கேட்டால் கேசட் வேலூரில் ரிப்பேரில் இருக்கிறது என்பார். சித்தி இந்தத் தடவை விடவில்லை. சர்ச் ஹாலில் பெரிய திரை கட்டி எல்லோருக்கும் போட்டுக் காட்டுவதாக ஃபேக்டரி முழுக்கச் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் நாட்றம்பள்ளியிலிருந்து ஒரு தக்காளி வியாபாரி, மகனின் காதுகுத்துக் கேசட்டோடு வந்தார். பையன் அழுதான், அழுதான், கேசட்டே நனைகிற மாதிரி அழுதான். காதுகுத்து முடிந்து திரையில் புள்ளி புள்ளியாக வந்தது. நிறுத்தப் போனேன். திடீரென்று ஒரு பந்தி. வெள்ளைப் புடவையில், தலையில் நெட்டோடு ஒரு கல்யாணப் பெண் பிரியாணி சாப்பிடுகிறாள். கத்திரிக்காயைப் பக்கத்து இலைக்குத் தள்ளிவிட்டு, பாட்டு எதுவும் போடாத சொந்தக் குரலில், "அண்ணே, இன்னொரு பீஸு வெய்யிண்ணே" என்கிறாள். சித்தி!

சித்தப்பா வந்து பார்த்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் கல்யாணத்தை எடுத்தது லைட் பிடிக்கும் ஆள். அடுத்த வாரம் காதுகுத்துக்குப் போனபோது, பையில் இருந்த கேசட்டைப் புதுசு என்று நினைத்து, தன் கல்யாணத்தின் மேலேயே எடுத்துவிட்டார் சித்தப்பா. காதுகுத்து சீக்கிரம் முடிந்துபோனதால் இந்தப் பந்தி மட்டும் தப்பித்திருக்கிறது. "அவளுக்குத் தெரிஞ்சா நான் காலி பாப்பா. அழிச்சத கூட மன்னிச்சிடுவா, வேலூர் கதைய மன்னிக்க மாட்டா" என்று தலையில் கை வைத்தார். தக்காளி வியாபாரிக்கு ஒன்றும் புரியவில்லை. "அந்தம்மா நல்லா சாப்டட்டும், எனக்கு எம் பையன் அழறதோட நிறுத்திக் குடுத்துடு."

ஒட்டு

யோசனை என்னுடையது. பெருமையாகவே சொல்கிறேன். சித்திக்குக் கல்யாணமான அந்த வருஷம் எங்கள் சர்ச்சில் நடந்த கல்யாணங்களையெல்லாம் எடுத்தவர் சித்தப்பா. எல்லாப் பெண்ணுக்கும் அதே வெள்ளைப் புடவை, அதே நெட்டு, அதே குனிந்த தலை. எல்லா மாப்பிள்ளைக்கும் ஒரே கடையில் வாடகைக்கு எடுத்த கோட்டு. முகம் தெரியாத துண்டுகளாகப் பொறுக்கி ஒட்டினால் ஒரு கல்யாணம் தயார். கேசட்காரர்களைக் கேட்டோம். வாலாஜா அக்கா, "எங்க வூட்டுக்காரரு முதுகுதான, தாராளமா எடுத்துக்கோ" என்று சிரித்தார். அவருடைய பீரோ சீனையும் எடுத்துக்கொண்டோம். பெண் நன்றாகக் குனிந்திருந்தாள், துளி முகம் தெரியவில்லை. நாங்கள் இருவரும் அவள் முகத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துத் திருப்தியானோம்.

சர்ச்சில், "சம்மதமா?" என்று ஐயர் கேட்டபோது, தான் மெதுவாகச் சொன்னதால் அவர் திரும்பத் திரும்பக் கேட்டார் என்று சித்தி அடிக்கடி சொல்வார். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம். அவர் குரலும் நானே, சித்தியின் "சம்மதம்" என்ற முனகலும் நானே. கடைசியில் ஒரிஜினல் பிரியாணியை ஒட்டினோம். முழுசாக ஓட்டிப் பார்த்த சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதப் பாத்த அப்புறம்தான் பாப்பா எனக்கே கல்யாணம் ஆன மாதிரி கீது."

பெரிய திரை

சர்ச் ஹால் நிரம்பிவிட்டது. முன்வரிசையில் சித்தி, பக்கத்தில் சித்தப்பா, அந்தப் பக்கம் இப்போது ரிட்டயர் ஆகிவிட்ட அதே ஐயர். லேப்டாப்பில் நான். பீரோ சீன் வந்ததும் சித்தி கொஞ்சம் முன்னால் குனிந்தார், பிறகு சாய்ந்துகொண்டார். மனசு நெகிழ்ந்துவிட்டது என்று நினைத்தேன். அதற்கப்புறம் ஹாலே என் கையில்தான். "தோ நானு! பச்சப் பொடவ!" என்று பெரியம்மா எழுந்து நின்றார். அது யாரோ ராணிப்பேட்டைப் பெண். "அந்த முதுகு என்னுது" என்று ஒரு மாமா வாலாஜா மாப்பிள்ளையின் முதுகைச் சொந்தம் கொண்டாடினார். என் குரலில் ஐயர், "சம்மதமா?" என்று கேட்டபோது, நிஜ ஐயர் பக்கத்தில் இருந்தவரிடம், "அப்பெல்லாம் எனக்குத் தொண்ட நல்லா இருந்துச்சு" என்றார். சிரிப்பை அடக்கியதில் எனக்கு விக்கல் வந்துவிட்டது.

கடைசியில் பிரியாணிப் பந்தி வந்தது. "இன்னொரு பீஸு வெய்யிண்ணே!" ஹால் அதிர்ந்தது, கைதட்டல். சித்தப்பா சட்டையின் மேல் பட்டனைக் கழற்றி மூச்சு விட்டார். லைட் போட்டார்கள். சித்தி எழுந்து என்னிடம் வந்து, ரொம்ப அமைதியாக, "ஜெஸ்ஸி, அந்த பீரோவத் திரும்பப் போடு" என்றார். போட்டேன். "நிறுத்து." நிறுத்தினேன். சித்தி திரைக்குப் பக்கத்தில் போய், ஷூவில் விட்டுப்போன தையலைக் காட்டுகிற மாதிரி, கண்ணாடியின் ஓரத்தில் விரலை வைத்தார். அங்கே கட்டம் போட்ட சட்டை, முறுக்கு மீசை, தோளில் கேமரா.

"இன்னாங்க, கல்யாணத்தன்னிக்குக் காலைல நீங்க கோட்டு போட்டுக்கினு சர்ச்சுல எனக்காகக் காத்திருந்தீங்கன்னு இல்ல நெனச்சேன். நான் தல வாரிக்கினு இருந்த ரூமுக்குள்ள கேமராவோட எப்ப வந்தீங்க?"

மொத்த ஹாலும் திரும்பிச் சித்தப்பாவைப் பார்த்தது. சித்தப்பா வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அவர் எடுத்த வீடியோ மாதிரியே சத்தம் மட்டும் வரவில்லை. முதலில் சிரித்தது ஐயர். அப்புறம் கூரையே பறந்துவிட்டது. சித்தி மட்டும் சிரிக்காமல் சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டின் ஓரம் மெல்லத் துடித்தது. பிறகு அவரும் தாங்க முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு செக்கிங் முடித்த குரலில் சொன்னார்: "பிரியாணி துன்றவ நானு, அது பாஸ். மத்ததெல்லாம் ரிஜெக்ட். வேலூர் ரிப்பேர் கடைய வூட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம், மொதல்ல அந்தப் பந்திய இன்னொரு வாட்டி போடு."

ஆகவே கூட்டாளிகளே, அடுத்தவர் கல்யாணத்தை எடுத்து ஒட்டுவது என்று முடிவு செய்துவிட்டால், முதலில் பீரோக் கண்ணாடிமேல் ஒரு துண்டைப் போட்டுவிடுங்கள்.