எல்லைக்கு இந்தப் பக்கம்

கம்பியைப் பிடிக்காமல் பின்படியில் நிற்கிறார். பஸ் குலுங்கித் திரும்பும்போது இடுப்பு மட்டும் ஒரு பக்கம் போய்விட்டு வருகிறது. கால் அசைவதில்லை. மார்பில் தோல்வாரில் தொங்கும் டிக்கெட் மெஷினின் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றுகிறார். நாக்கை நீட்டுவதுபோல் சீட்டு வெளியே வருகிறது. கிழித்துக் கொடுக்கிறார்.

"உள்ளே தள்ளி உட்காரு கண்ணு. வாசல்ல நின்னு குளிர் காத்தை வீட்டுக்குக் கொண்டுபோகப் போறியா?"

கண்ணுக்கு எழுபது வயது இருக்கும். க்ளிஃப் ஹோல்ராய்டுக்கு எல்லோரும் கண்ணுதான். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் இறைச்சிக் கடைக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார், ஆஸ்பத்திரி நர்ஸும் அப்படித்தான். ஆனால் க்ளிஃப் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குப் பின்னாலேயே மணி அடிக்கும் என்று தோன்றும்.

பென்ஹோல்ம் பஸ் கம்பெனியில் அவர் கண்டக்டராக இருந்தது வாலிபத்தில், கொஞ்ச வருஷம். நகரத்திலிருந்து மேட்டு ஊர்களுக்கு ஓடிய சிவப்பு பஸ்கள். கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கியது, அதை இன்னொன்று விழுங்கியது. டெப்போ இருந்த இடத்தில் இப்போது தரைவிரிப்பு விற்கிறார்கள். பஸ்ஸை விட்ட பிறகு கம்பளிக் கிடங்கில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தார். கிடங்கைப் பற்றி அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

வீட்டில் வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவார், அதுவும் பக்கவாட்டில். மகள் லொரேன் காரில் கூட்டிப்போனால் கதவைச் சாத்திவிட்டு முன்பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவார். அதற்கு முன் வண்டியை எடுத்தால் முகம் சுருங்கிவிடும். லொரேன் பழகிக்கொண்டாள். மீன் வறுவல் கடை வரிசையில் யாராவது முண்டினால், "எறங்கறவங்களுக்கு வழி விடுங்கப்பா" என்பார். அங்கே இறங்குகிறவர்கள் யாரும் இல்லை.

வருஷா வருஷம் செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய பஸ் பிரியர்களின் சங்கம் தான் செப்பனிட்டு வைத்திருக்கும் வண்டிகளைத் தெருவில் ஓட்டும். யாரும் காசில்லாமல் ஏறலாம். செயலாளர் கிரஹாம் டார்டாஃப் பல் டாக்டர். மற்றவர்களும் அந்த மாதிரிதான், சம்பளத்துக்கு பஸ்ஸில் நின்றவர்கள் இல்லை. பென்ஹோல்ம் பஸ்ஸின் கூரை வெள்ளையா பாலாடை நிறமா என்று சண்டை போட்டு இரண்டு பேர் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். இந்தக் கூட்டத்தில் உண்மையான பென்ஹோல்ம் ஆள் க்ளிஃப் ஒருவர்தான். அந்த ஒரு நாள் அவர் மறுபடியும் கண்டக்டராகி, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடப்பார். "ஐயாவைக் கேளுங்க" என்பார்கள். கூரை என்ன நிறம் என்று கேட்டால், "நான் எப்பவும் உள்ளேதானே இருந்தேன்" என்பார்.

இந்த வருஷம் பஸ் மானிங்ஹாம் லேனில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நிறுத்தத்தில் பிரெண்டா பிக்கிள்ஸ் நின்றாள். வாலிபத்தில் சனிக்கிழமை நடனங்களில் பார்த்துப் பழகியவள்.

"பார்க் வரைக்கும்தான் க்ளிஃப்."

"ஏறு ஏறு. எடம் இருக்கறப்பவே மகாராணி மாதிரி உட்காரு."

அடுத்த நிறுத்தத்தில் ஒரு பெண் நின்றாள். சாம்பல் நிறக் கோட்டு, அதற்குக் கீழே சல்வார், தலையில் வெள்ளைத் துணி. கையில் ஒரு அட்டை. முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைப் படியில் வைத்தாள்.

"பார்க்குக்குப் போகுமா?"

"அது உள்ளூர் கண்ணு. இதுல ஏறக்கூடாது. பின்னாடி கார்ப்பரேஷன் பஸ் வரும், அதுல வா."

கை தானாக மேலே போனது. மணியை இரண்டு தடவை அடித்தது. அவள் காலை எடுத்துக்கொண்டாள். பஸ் நகர்ந்தது.  கார்ப்பரேஷன் பஸ் என்று ஒன்று அந்த ஊரில் ஓடி நாற்பது வருஷத்துக்கு மேல் இருக்கும்.

வண்டிகள் கூடியிருந்த பார்க்கில் கிரஹாம் அவரை வண்டியின் மறைவுக்கு இழுத்துப் போனார்.

"ஏன்யா அந்தம்மாவை விட்டுட்டு வந்த? மிஸஸ் மிர்சாய்யா அது. வீட்டுக்காரர் கார்ப்பரேஷன்ல டிரைவரா இருந்து செத்துப்போனவரு. நாமதான் அட்டை அனுப்பிக் கூப்பிட்டோம். இப்பத்தான் போன்ல கேக்கறாங்க, 'நான் நிக்கற எடம் தப்பா, வேற எங்கயாவது நிக்கணுமா'ன்னு. பஸ் மாடியில வந்த ஒருத்தன் என் மூஞ்சிக்கு நேரா கேக்கறான், 'உங்க கண்டக்டர் ஆளைப் பார்த்துத்தான் ஏத்துவாரோ'ன்னு. நான் என்னத்தைச் சொல்ல?"

க்ளிஃப் மெஷினின் தோல்வாரைச் சரிசெய்துகொண்டார்.

"எல்லைக்கு இந்தப் பக்கம் ஏறி இந்தப் பக்கமே எறங்கறவங்களை நாம ஏத்தக்கூடாதே" என்றார். "அவங்க கார்ப்பரேஷன் ஆளுங்க."

கிரஹாமுக்கு அப்போதுதான் பிடிபட்டது. முகம் முழுக்கச் சிரிப்பானது.

"அட கடவுளே, எல்லை விதி! டேய், இங்க வாங்கடா எல்லாரும்!"

பழைய விதி அது. நகரத்துக்குள் ஏறி நகரத்துக்குள் இறங்குகிறவர்கள் கார்ப்பரேஷன் பஸ்ஸின் சொத்து. வெளியூர்க் கம்பெனியின் வண்டி, காலியாகவே போனாலும், அவர்களைத் தொடக்கூடாது. சங்கத்துக்காரர்கள் புத்தகத்தில் படித்து ரசித்த விதி இதோ நடமாடிக்கொண்டிருக்கிறது. ஒருவர் முதுகில் தட்டினார். "அசல் பென்ஹோல்ம் சரக்குய்யா இது!" இன்னொருவர் போட்டோ எடுத்தார். கிரஹாம் அங்கேயே மிஸஸ் மிர்சாவைக் கூப்பிட்டு விளக்கினார். போனிலிருந்து சிரிப்பு எல்லோருக்கும் கேட்டது.

"அதுதானா? எங்க வீட்டுக்காரர் அந்த விதியைத் திட்டாத நாள் கிடையாது. 'பென்ஹோல்ம்காரன் விட்டுட்டுப் போற கூட்டம் பூரா என் தலையில'ம்பாரு. பாவம், வயசானவர், அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

கார் அனுப்புவதாகக் கிரஹாம் சொன்னதற்கு, முட்டி வலிக்கிறது, அடுத்த வருஷம் வருகிறேன் என்றாள்.

பிரெண்டா கொஞ்சம் தள்ளி நின்று பட்டாணிக் கூழைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்தாள்.

"பயப்படாத க்ளிஃப்," என்றாள் மெதுவாக. "நான் வாயைத் தொறக்க மாட்டேன்."

அதுவரை அவருக்கே அது உறைக்கவில்லை. பிரெண்டாவும் இந்தப் பக்கம் ஏறியவள்தான். அவளும் பார்க்கில்தான் இறங்கினாள்.

க்ளிஃப் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிரெண்டா கரண்டியோடு போய்விட்டாள்.

அந்தக் காலத்திலும் விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் பிரெண்டாவும் அவள் அக்காவும் நின்றால் ஏற்றிக்கொள்வார். மேஸ்திரியின் மனைவி, பள்ளியில் கூடப் படித்தவன், சனிக்கிழமை சாராயக் கடையில் தோளில் கை போடுகிறவன், இவர்களையெல்லாம் ஏற்றிக்கொள்வார். தெரிந்த முகம் என்றால் விதி கண்ணை மூடிக்கொள்ளும். மில்லில் இரவு வேலை முடித்து, மப்ளரில் மழை சொட்ட, லாகூரிலிருந்தும் மீர்ப்பூரிலிருந்தும் வந்த மனிதர்கள் நிற்பார்கள். அவர்களுக்கு விதியை எடுத்துச் சொல்லிவிட்டு மணி அடிப்பார். பொய் சொன்னதில்லை. விதி இருக்கத்தான் செய்தது. அவர்களைத் தினமும் பார்த்திருக்கிறார். ஒரு முகமும் தெரிந்த முகமாகவில்லை.

மத்தியானம் முழுக்க நிறுத்தத்துக்கு நிறுத்தம் குரலை உயர்த்தி, "வாங்க வாங்க, எல்லாரும் வாங்க, எங்க வேணா எறங்கலாம்" என்று கூப்பிட்டார். பஸ்ஸுக்கு நிற்காதவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மணியை மட்டும் மற்றவர்களை அடிக்கச் சொன்னார்.

மறுநாள் திங்கட்கிழமை. லொரேன் போன் செய்து நேற்று எப்படிப் போயிற்று என்று கேட்டாள். நன்றாகப் போயிற்று என்றார். கிரஹாமிடம் விலாசம் கேட்டு வாங்கினார். ஒரு டப்பா பிஸ்கட் வாங்கிக்கொண்டு போனார். மிஸஸ் மிர்சா கதவைத் திறந்து, பார்த்ததும் சிரித்து, "பஸ்காரர் வந்திருக்காரு" என்று உள்ளே குரல் கொடுத்தாள். மருமகள் பாலில் கொதித்த டீயும் சமோசாவும் கொண்டுவந்தாள். சுவரில் தொப்பியோடு மிர்சாவின் படம். முந்தின நிறுத்தத்தில் ஒருத்தியை ஏற்றியதைச் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைத் தயாராக்கி வைத்திருந்தார்.

"விதின்னா விதிதானே," என்றாள் மிஸஸ் மிர்சா. "யாரா இருந்தா என்ன, எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

"ஆமாம்மா" என்றார்.

இன்னொரு சமோசா வைத்தார்கள். அதையும் சாப்பிட்டார். வேண்டாமென்று சொல்லியும் மிஸஸ் மிர்சா கோட்டைப் போட்டுக்கொண்டு நிறுத்தம்வரை வந்தாள். வானம் மூடியிருந்தது.  பஸ் தூரத்தில் தெரிந்ததும், முட்டியைப் பிடித்துக்கொண்டு நடைபாதையை விட்டுத் தெருவில் இறங்கி, அவருக்காக அவள் கையைக் காட்டினாள்.

பஸ் நின்றது. அவர் ஏறிக்கொண்டார்.