மழையன்று பூட்டிய கேட்

காலை எட்டரை மணிக்கு என் முந்திரிக் கொட்டகையில் ஒரு ஆள்கூட இல்லை. கொட்டை உடைக்கும் பன்னிரண்டு பெண்களும் வரவில்லை. கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஆறு வருடமாகத் தொழில் நடத்துகிறேன். இப்படி நடந்ததே இல்லை. காலி மணைகளைப் பார்த்தபடி நின்றேன்.

எட்டரை ஆனதும் கேட்டைப் பூட்டிவிடுவேன். ஒரு நிமிடம் பிந்தினாலும் அன்றைக்கு வேலை கிடையாது. அந்தச் சட்டத்தால்தான் ஓலைக்கொட்டகை தகரக்கொட்டகை ஆனது என்று பெருமையடித்துத் திரிந்தேன். அதற்கு முந்தின நாள் மழையில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியது. பன்னிரண்டு பேரும் ஒரே ஊர். சுற்றி நடந்து, நனைந்து, ஒன்பது மணிக்கு வந்து நின்றார்கள். நான் திறக்கவில்லை.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போனேன். எல்லோரும் வாய்க்கால் கரையில் நூறு நாள் வேலையில் இருந்தார்கள்.

"வாங்கக்கா. மண்ணள்ள வந்தீகளா?" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

"ஏண்டி, சொல்லிட்டு நின்னிருக்கலாம்ல?"

"சொல்ல வந்தா கேட் பூட்டியிருக்குமே. நீங்கதான சீனாக்காரன் கதை சொன்னீக?"

நான்தான் சொன்னேன். போனில் கேட்கும் சரித்திரத்தைக் கொட்டை உடைக்கும்போது அவர்களுக்குச் சொல்வேன். சீனாவில் சின் வம்சத்து ராஜா ஆறு நாட்டைப் பிடித்தான். எடைக்கல், எழுத்து, வண்டிச் சக்கரத்தின் இடைவெளி எல்லாவற்றையும் ஒன்றாக்கினான். எதற்கெடுத்தாலும் சட்டம். அவன் செத்த பிறகு, எல்லைக் காவலுக்குப் போன ஒரு கூட்டம் மழையில் மாட்டிக்கொண்டது. பிந்தினால் தலை போகும். ஓடினாலும் போகும். அரசுக்கு எதிராகவே திரும்பிவிட்டார்கள். ஆறு நாட்டையும் பிடித்த பதினைந்தாவது வருடத்தில் வம்சமே இல்லை. மடப்பய ராஜா என்று நானே காறித் துப்பியிருக்கிறேன்.

"நேத்து ரோட்டுல நின்னு அதான் பேசுனோம்" என்றாள் அவள். "லேட்டானாலும் வேலை இல்ல, வராட்டியும் வேலை இல்ல. அப்பறம் எதுக்கு நனையிறது?"

அந்தக் கதையில் நான் எந்தப் பக்கம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"மழை நாள்ல தொறந்து விடுறேன்" என்றேன்.

"பிள்ளைக்குக் காச்சல்னா?"

வீம்பில் ஸ்கூட்டியைத் திருப்பினேன். அவள் மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கிவிட்டாள்.

மறுவாரம் திரும்பப் போய், காய்ச்சலுக்கும் சரி என்றேன். ஐந்து பேர்தான் வந்தார்கள். ஏழு பேர் இப்போது வேறொரு கொட்டகையில் உடைக்கிறார்கள்.