மாடி போர்ஷனும் உலகக் கோப்பையும்

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை ஞாயிற்றுக்கிழமைதான் போன் செய்வாள். அன்று வியாழக்கிழமையே செய்தாள். அவள் ஊரில் உலகக் கோப்பை ஃபுட்பால் நடக்கப் போகிறது. வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் பெண்ணைக் காலி செய்யச் சொல்லிவிட்டு, அந்த இடத்தை ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடப் போகிறாளாம்.

"ஒரு மாச வாடகை நாலே நாள்ல வந்துடும்க்கா. தெருவே அதத்தான் பண்ணிக்கினு இருக்குது. நாளைக்கு அவகிட்ட சொல்லிடப் போறேன்."

இந்தப் புத்திசாலித்தனத்தை அவளுக்கு முன்னாலேயே செய்து பார்த்தவள் நான்.

நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் எழுந்தருளும் வரதர் கோயில் குளத்தை விட்டு வெளியே வந்து தரிசனம் தந்த அந்த நாற்பத்தெட்டு நாள், காஞ்சிபுரத்தில் யாருக்கும் கால் தரையில் படவில்லை. எங்கள் மாடி போர்ஷனில் ஐயம்பேட்டைக்காரப் பெண் ஒருத்தி ஆறு வருஷமாகக் குடியிருந்தாள். கீழே என் வீட்டுக்காரர் தறியில் இருப்பார், மேலே அவள் ரவிக்கை தைப்பாள். எங்களிடம் புடவை எடுத்தவர்கள் அப்படியே படியேறி அவளிடம் அளவு கொடுப்பார்கள். வாடகையை ஒரு மாதம்கூடத் தள்ளிப் போட்டதில்லை. அவளிடம் போய், "ஊர்லேந்து சொந்தக்காரங்க வராங்கம்மா" என்று கூசாமல் பொய் சொன்னேன். அவள் தையல் மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். நான் நான்கு கட்டில் வாங்கிப் போட்டு, வாசலில் 'ரூம் கிடைக்கும்' என்று எழுதி வைத்தேன்.

கூட்டத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் வண்டிகளை ஊருக்கு வெளியே ஓரிக்கைப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். வந்த சனம் வரிசையில் நின்றது, சேவித்தது, அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தது. என் கட்டில் யாருக்கு வேண்டும்? முதல் வாரம் இரண்டு குடும்பம் தங்கியது, அப்புறம் ஈ காக்கா இல்லை. முகூர்த்தப் புடவைக்கு வழக்கமாக வருகிறவர்களும் நெரிசலுக்குப் பயந்து வேறு ஊரில் எடுத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் நஷ்டம் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கோயிலை ஒட்டி வீடு வைத்திருந்தவர்கள் சம்பாதித்தார்கள். தடுப்பு கட்டியவர்கள், லாரி லாரியாகத் தண்ணீர் பாட்டில் இறக்கியவர்கள் சம்பாதித்தார்கள். "உள்ளதும் போச்சுடா நொள்ளக் கண்ணா" என்று வீட்டுக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார். பெருமாள் மேல் குற்றமில்லை, பேராசை என்னுடையது.

"அது கோயில், இது ஃபுட்பால்" என்றாள் தங்கை.

"ரெண்டும் கூட்டந்தாம்மா. மேட்ச் பாத்தவன் அடுத்த மேட்ச்சுக்கு வேற ஊருக்குப் பறந்துடுவான். ஸ்டேடியத்துல சோறு, தண்ணி, சட்டைல்லாம் யாரு விக்கிறாங்க?"

"நடத்துறவங்க பேசி வெச்ச கம்பெனிங்கதான்."

"போலீசு, பஸ்ஸு, ரோடு?"

"அது எங்க சிட்டி செலவு. எங்க வரி." குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனாலும் விடவில்லை. "போனா ஒரு மாச வாடகைதானக்கா. அப்புறம் வேற ஆளப் பாத்துக்கலாம்."

நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். அதனால் யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

திருவிழா முடிந்தும் மாடி காலியாகக் கிடந்தது. தையல்காரியைத் திரும்பக் கூப்பிட எனக்கு முகமில்லை. மறு வருஷம் வாலாஜாபாத் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள். வீட்டில் எல்லாரையும் விசாரித்தாள். இறங்குவதற்கு முன்னால் சொன்னாள்:

"சொந்தக்காரங்க வரலன்னு எனக்கு அப்பவே தெரியும்க்கா. நாலு காசு பாக்கட்டும்னுதான் போனேன். எல்லாம் முடிஞ்சதும் கூப்புடுவீங்கன்னு, மூணு மாசம் வேற வீடே பாக்காம அம்மா வூட்டுல இருந்தேன்."

நான் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. அவள் இறங்கிப் போய்விட்டாள்.

தங்கை போனை வைத்தாள். மறுநாள் அவளே கூப்பிட்டாள். கீழே போய் அந்தப் பெண்ணிடம், யார் என்ன சொன்னாலும் நீ இங்கேயே இருக்கலாம் என்று சொல்லிவிட்டாளாம். எனக்கு மனசு லேசாகிவிட்டது.

"சந்தோஷப்பட்டாளா?" என்று கேட்டேன்.

"ரெண்டு வாரமாவே பெட்டி கட்டி வெச்சிருக்காக்கா. தெருவுல குடியிருக்கறவங்கள ஒவ்வொருத்தரா அனுப்பிக்கினு இருந்தாங்கல்ல, நான் எப்ப வந்து கதவத் தட்டுவேன்னு பாத்துக்கினு இருந்தாளாம்."

"பெட்டியப் பிரிக்கச் சொன்னியா?"

"சொன்னேன். ஃபைனல் முடியட்டும், அப்புறம் பிரிக்கிறேன்னுட்டா."