லேப்டாப்புக்கு வைத்த சந்தனம்

என் வீட்டுக்காரர் வீரமலைக்குச் சாமி பக்தி அளவோடுதான். வண்டி பக்திக்குத்தான் அளவே கிடையாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து துறையூர் போகும் தனியார் பஸ்ஸுக்கு அவர் டிரைவர். ஆயுத பூஜை வந்தால் ஸ்டியரிங், கண்ணாடி, டயர், டீசல் டேங்க் மூடி வரைக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். டயருக்கடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை எடுத்துவிட்டு, எடமலைப்பட்டி புதூர் வீட்டுக்கு வந்து என் லேப்டாப் முன்னால் நிற்பார்.

அதற்கும் அதே மரியாதைதான். மூடியில் ஒரு பொட்டோடு மனுஷன் ஓய மாட்டார். பக்கவாட்டில் எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறதோ அங்கெல்லாம் குழைத்துக் குழைத்து வைப்பார். "மூச்சு விடுற இடம் முக்கியம் வேணி" என்பார். நானும் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவேன்.

சிரித்ததற்குப் பலன் இந்த வருஷம் கிடைத்தது. பழசின் திரை நடுங்க ஆரம்பித்ததால் புது லேப்டாப் வாங்கினோம். பழையதில் இருப்பதையெல்லாம் இதற்கு மாற்ற வேண்டும். மற்றதெல்லாம் போனாலும் போகட்டும், என் ஆய்வேடு வந்தாக வேண்டும். திருவெள்ளறையைச் சுற்றியுள்ள பாசனக் கிணறுகளைப் பற்றிப் பள்ளிக்கூட வேலைக்கு நடுவே ஐந்து வருஷமாக எழுதியது. மாதக் கடைசிக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டும். கடைசி இரண்டு இயல்கள் அந்தக் கிழட்டு லேப்டாப்பைத் தவிர வேறெங்கும் இல்லை. அதில் வைஃபை எப்போதோ செத்துவிட்டது. பென் டிரைவைச் சொருகினால் பாதிக்கு மேல் போகவில்லை. அழுத்திச் சொருகியதில் திரையும் அணைந்தது.

மலைக்கோட்டைப் பக்கம் ஒரு சந்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ரஷீதாவிடம் இரண்டு பேரும் போனோம். அவள் டார்ச் அடித்துப் பார்த்து ஊசியால் சுரண்டினாள். மஞ்சளாக உதிர்ந்தது.

"அக்கா, இது சந்தனமா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"ஓட்டை பூரா அடைச்சிருக்குக்கா. உள்ளயும் ஈரம் போயிருக்கு. டிஸ்க்கைத் தனியா கழட்டித்தான் பாக்கணும். வந்துச்சுன்னா உங்க அதிர்ஷ்டம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கடை என்றும் பார்க்கவில்லை. "அது என்ன பஸ்ஸா, பூசி மெழுகுறதுக்கு? அஞ்சு வருஷ உழைப்புங்க. இனிமே என் சாமான் பக்கமே வராதீங்க" என்று கத்திவிட்டேன். அவர் வெளியே போய் வளையல் கடை ஓரமாக நின்றுகொண்டார்.

கொஞ்ச நேரம் பொறுத்து நானும் போனேன். என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்: "நீ என்ன எழுதுறேன்னு எனக்குப் புரியாது வேணி. அதுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு மட்டும் தெரியும். தெரிஞ்சதைச் செஞ்சேன்." ஆனாலும் எனக்குக் கோபத்தை விட மனசு வரவில்லை.

"அக்கா, வந்துருச்சு!" என்று ரஷீதா கூப்பிட்டாள். கழற்றிய டிஸ்க்கிலிருந்து புது லேப்டாப்புக்கு எல்லாம் ஏறியிருந்தது. "சரியா இருக்கான்னு ஒண்ணைத் திறந்து பாருங்க" என்றாள். ஆய்வேட்டைத் திறந்தேன். கடைசி இரண்டு இயல்களும் அச்சுப் பிசகாமல் இருந்தன. நிம்மதியோடு மேலே தள்ளினேன், நன்றியுரைப் பக்கம் வந்து நின்றது.

அவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, மெல்ல எழுத்துக்கூட்டாத குறையாக வாசித்தார். நெறியாளர், நூலகம், ஊர்க்காரர்கள் எல்லோரையும் தாண்டி வந்தார். "லீவு நாளெல்லாம் என்னோடு அலைந்து, நான் பயந்த கிணறுகளில் தானே இறங்கி அளவெடுத்துத் தந்த என் கணவர் வீரமலை இல்லையென்றால் இந்த ஆய்வு இல்லை."

ரஷீதா அவசரமாக ஸ்குரூக்களைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"இது எப்ப எழுதின?"

"போன மாசம்."

"இன்னைக்கு எழுதியிருந்தா என் பேரு வந்திருக்காதுல்ல?"

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் கண் அந்த வரியை விட்டு நகரவில்லை.

"வந்திருக்கும். திட்டிக்கிட்டே எழுதியிருப்பேன்" என்றேன்.