கிண்ணத்தின் விளிம்பு

குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வேதக் கோயில். அதைக் கூட்டுவதும் நற்கருணைக் கிண்ணத்தைக் கழுவுவதும் லீலாவதியின் வேலை. திராட்சை ரசமும் அவள்தான் செய்வாள். உலர்ந்த திராட்சையை ஜாடியில் ஊறப்போட்டு, பொங்கிப் புளித்ததும் வடிகட்டுவாள். எல்லோருக்கும் ஒரே கிண்ணம். கடைசியாகக் குடித்துவிட்டுக் கழுவுகிறவள் அவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வரிசையில் சாமிதுரையும் வந்து முழங்கால் போட்டான். அவள் தங்கை செங்கமலத்தின் புருஷன். சாராயக்கடை மறுபடி திறந்த வருஷம், காய்ச்சலில் கிடந்தவளை விட்டுவிட்டுக் கடையே கதியென்று கிடந்தவன். அவள் செத்த அன்று தள்ளாடி வந்து, பிணத்தின் மேலேயே வாந்தி எடுத்தான். தங்கையின் கூந்தலிலிருந்து அதை அலசி எடுத்தவள் லீலாவதி.

இப்போது அரியலூர் ஜெபக் கூட்டத்தில் மனந்திரும்பிவிட்டானாம். கோயில் போதகரான ஐயர் அவனைக் கட்டிப்பிடித்தார். கடவுளுக்கு மூக்கே கிடையாதா என்று நினைத்தாள் லீலாவதி.

ஆனால் கிண்ணம் அருகில் வந்ததும் அவன் வாயை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வேஷம்டி," என்றாள் வரிசையில் அவனுக்குப் பக்கத்தில் இருந்த கொளஞ்சியம்மாள், வெளியே வந்து. "திருந்துனவன் கிண்ணத்தத் தள்ளுவானா?"

லீலாவதி கிண்ணம் கழுவும் இடத்துக்கே வந்து நின்றான் சாமிதுரை.

"அந்த வாசனைக்கே நாக்கு ஊறுது அண்ணி. ஒரு சொட்டு உள்ள போனா நேரா கடைக்குத்தான் போவேன். கிண்ணம் எனக்கு இல்லீங்க."

"போயேன். யாரு புடிச்சா ஒன்ன?"

காவிப் பல்லும் அவனும். அவன் போன பிறகு, நின்ற இடத்தில் தண்ணீர் ஊற்றினாள்.

அடுத்த நற்கருணைக்கு முந்தின நாள் ஜாடியைத் திறந்தாள். நன்றாகப் புளித்திருந்தது. நாளைக்கு ஐயர் வற்புறுத்தி அவன் குடிப்பான், கடை வாசலில் வேட்டி விலகிக் கிடப்பான், ஈ மொய்க்கும். அதை நினைக்க நினைக்க இனித்தது. இனித்ததைக் கண்டுகொண்டபோது மூக்கைப் பொத்திக்கொண்டாள். இந்த முறை நாற்றம் அவளுடையது. "ஆண்டவரே," என்றாள்.

ஜாடியைச் சாக்கடையில் கவிழ்த்தாள். புதுத் திராட்சையைக் கொதிக்கவைத்துப் பிழிந்தாள்.

காலையில் கோயில் வாசலில் அவனை மறித்தாள்.

"காச்சுனது. புளிப்பு இல்ல. குடி."

நற்கருணை வரிசையில் அவளுக்கு முந்தின ஆளாக முழங்கால் போட்டுக் குடித்தான். மீசை நனைந்தது. ஐயர் விளிம்பைத் துடைத்து அவளிடம் நீட்டினார். அவன் வாய் படாத பக்கமாகக் கிண்ணத்தைத் திருப்பிக்கொள்ளக் கை எழுந்தது. திருப்பவில்லை. குமட்டிக்கொண்டு வந்தது, ரசத்தோடு அதையும் சேர்த்து விழுங்கினாள்.